நீரிணை தாண்டிய கரிமீன்

தென்னிந்தியக் கரையோரங்களையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்டதும், கேரள அரசு 2010-இல் மாநில மீனாக அறிவித்ததுமான கரிமீன், இன்று சிங்கப்பூரின் உவர்நீர்ப் பகுதிகளில் இனம்பெருக்கி நிலைத்துவிட்டதால், இடையிலுள்ள குறுகிய நீரிணையில் வடகரையிலிருந்து கலக்கும், மலேசிய மாநிலமான ஜொகூரின் ஸ்கூடாய், தெப்ராவ், பூலாய் ஆறுகளுக்கும் அது பரவும் வாய்ப்பு ஆராயத்தக்கதாகிறது.

உப்பைத் தாங்க இயலாத நன்னீர் மீனுக்கு ஆற்றின் முகத்துவாரமே உலகின் எல்லை; ஓராற்றுக் கெண்டை கடல்வழியே அடுத்த ஆற்றை அடைவதில்லை. கரிமீன் அடங்கும் சிக்லிட் குடும்பத்தின் பல இனங்களுக்கோ இத்தடை பொருந்தாது. உட்புகும் உப்பைச் செவுள்களிலுள்ள தனிவகை உயிரணுக்கள் வெளியேற்றிவிடுவதால், அவை கழிமுகங்களிலும், அதாவது ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடங்களிலும், தடையின்றி வாழ்கின்றன. மேலும், ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்து 1924-இல் முறையாகத் திறக்கப்பட்ட கடற்பாலம் நீரோட்டத்தைத் தடுத்து நிற்க, வடகிழக்குப் பருவமழையில் ஆறுகள் கொட்டும் நன்னீர் நீரிணையின் உப்பைக் குறைக்கிறது.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்கத் திலாப்பியா இதற்கு முன்னோடி எனலாம். ஜாவாவின் ஆற்று முகத்துவாரமொன்றில் 1930-களின் பிற்பாதியில் கண்டெடுக்கப்பட்ட அம்மீன், எவ்வாறு அங்கு வந்தது என்பது விளங்காமலே வளர்க்கப்பட்டு, ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் குளம், ஈயச் சுரங்கக் குட்டை, கழிமுகம் என எங்கும் பரவியது. அதற்கு உணவுத் தேவை காரணமாயிற்று; கரிமீனுக்கோ உணவு வளர்ப்பைப் போலவே அலங்கார மீன் வணிகமும் வழியாகியிருக்கலாம். மலேசியாவில் அலங்கார மீன் வளர்ப்பில் ஜொகூர் முன்னணியில் இருப்பதும், 2006 டிசம்பர், 2007 ஜனவரி மாதங்களில் கோத்தா திங்கியையும் சிகாமட்டையும் மூழ்கடித்ததைப் போன்ற வெள்ளங்கள் வளர்ப்புக் குளங்களின் கரைகளைக் கடக்க வல்லவை என்பதும் இங்கு நினைக்கத்தக்கவை. வளர்த்துச் சலித்த மீனை ஆற்றில் விடுவோரின் இரக்கமும் இவ்வழிகளுள் ஒன்றே.

நிலைபெறுவதில் கரிமீனுக்குள்ள ஆற்றல் முட்டைகளின் எண்ணிக்கையில் இல்லை. அமிழ்ந்த மரத்துண்டிலோ கல்லிலோ முட்டைகளை ஒட்டவைத்து, தாயும் தந்தையும் சேர்ந்து காவல் காத்து, குஞ்சுகளையும் சில வாரம் உடன் நடத்திச் செல்வதால் உயிர்தப்புவன மிகுதி. பாசியும் நீர்த்தாவரமும் அதன் முதன்மை உணவாதலால், கொன்றுண்ணும் மீனைப்போல் உடனடி அழிவை விளைக்காது. ஆயினும் இடத்துக்கும் மேய்ச்சலுக்கும் உள்ளூர் மீன்களோடு அது போட்டியிடக்கூடும். உயிர்மீனை இறக்குமதி செய்ய அனுமதி வேண்டும் என்கிறது மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம். ஆனால், தானாக நீந்திவரும் மீனை எந்தச் சுங்கச்சாவடியும் நிறுத்துவதில்லை. ஆகவே, 2003-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற பூலாய் ஆற்றுக் கழிமுகத்தின் அலையாத்திக் கால்வாய்களில் வலையில் விழும் மீன்களை இனம்பிரித்துப் பதிவதே முதலில் செய்யவேண்டிய பணி. அதற்கு ஆய்வாளரைவிட அங்கு நாள்தோறும் வலைவீசும் மீனவரே பொருத்தமானவர்.