ஒரே உஸ்தாத், ஒரே பாடம்: ஒரு பிள்ளைக்கு மட்டும் அரபி வராதது ஏன்?

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். ஒரே மதரஸா, ஒரே உஸ்தாத். மூத்தவன் ஆறே மாதத்தில் அரபியில் சிறு வாக்கியங்கள் பேசுகிறான். இளையவளோ வாய் திறக்கவே தயங்குகிறாள். உடனே நாம், "உனக்கு இதெல்லாம் மண்டையில் ஏறாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு சொல் பிள்ளையின் உள்ளத்தில் எத்தனை ஆண்டுகள் தங்கும் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மனிதர்களின் மொழிகள் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் கூறுகிறான் (அல்குர்ஆன் 30:22). அம்மொழிகளைக் கற்கும் விதமும் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. அதற்கான காரணங்களைப் பார்ப்போம்.

வயது: சிறுவர்களுக்கு உச்சரிப்பு எளிதில் படியும். பெரியவர்கள் இலக்கண விதிகளை விரைவாக விளங்கிக்கொள்வார்கள். ஆங்கிலம் அறிந்த சுமார் 6,70,000 பேரை வைத்து 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, இலக்கணத்தைக் கிரகிக்கும் ஆற்றல் ஏறத்தாழ 17 வயது வரை குறையாமல் இருப்பதாகக் கூறியது. அதன்பின் வேகம் குறையலாம். ஆனால் கதவு அடைபடுவதில்லை.

இயல்பான திறன்: அமெரிக்க அறிஞர்கள் ஜான் கரோல், ஸ்டான்லி சபோன் இருவரும் 1959-ல் மொழித்திறனை அளக்கும் தேர்வு ஒன்றை வெளியிட்டார்கள். ஒலிகளைப் பிரித்தறிவது, வாக்கிய அமைப்பை உணர்வது, சொற்களை நினைவில் வைப்பது ஆகியவற்றை அது தனித்தனியாகச் சோதிக்கிறது. ஒரு பிள்ளைக்குக் காது கூர்மை. இன்னொன்றுக்கு நினைவாற்றல் அதிகம். கரோலின் கருத்துப்படி, திறன் என்பது கற்கும் வேகத்தைத்தான் காட்டுகிறது. மெதுவாகக் கற்பவர் கற்கவே முடியாதவர் அல்லர்.

நோக்கம்: ஜைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்றுக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். கடிதப் போக்குவரத்துக்கு அது தேவைப்பட்டது. சுமார் பதினைந்து நாட்களில் அவர்கள் கற்றுத் தேர்ந்ததாக திர்மிதியில் பதிவாகியுள்ளது. அவர்களின் அறிவுக்கூர்மையோடு தெளிவான நோக்கமும் அங்கே இருந்தது. வளைகுடா சென்ற நம் சகோதரர்கள் புத்தகமே இல்லாமல் பேச்சு அரபியைக் கற்றுவிடுவதும் தேவையின் காரணமாகத்தான்.

அச்சம்: தவறாக உச்சரித்த பிள்ளையைப் பார்த்து வீடே சிரித்தால், அடுத்த முறை அது வாய் திறக்காது. பயமும் வெட்கமும் நிறைந்த மனதில் பாடம் இறங்குவதில்லை. திக்கித் திணறி, சிரமப்பட்டு குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் உள்ளது. மார்க்கம் கூலி தரும் இடத்தில் நாம் கேலி செய்யலாமா?

தாய்மொழி: அரபியின் ஸீன், ஸாத் இரண்டையும் தமிழில் ஒரே 'ஸ' கொண்டுதான் எழுதுகிறோம். தமிழ்க் காதுக்கு அந்த வேறுபாடு உடனே பிடிபடாது. திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். அதேசமயம் கல்பு, வக்து, ரிஸ்க் என நம் வீட்டுப் பேச்சிலேயே அரபிச் சொற்கள் நிறைந்திருக்கின்றன. வக்கீல், வசூல், பாக்கி, ரத்து ஆகியவையும் அரபி மூலமுடையவையே. இது நமக்கு வாய்த்த கைமுதல்.

பழக்கம்: வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் படிப்பதைவிட, தினமும் பதினைந்து நிமிடம் படிப்பது நினைவில் நிற்கும். இடைவெளி விட்டுத் திருப்பிப் படித்தால் மறதி குறையும்.

ஆகவே, பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் ஒப்பிடுவதை நிறுத்துவோம். காது கூர்மையான பிள்ளைக்கு நல்ல கிராஅத்தைக் கேட்கக் கொடுப்போம். எழுதினால் மனதில் நிற்கும் பிள்ளைக்கு நோட்டைக் கொடுப்போம். தொழுகையில் தினமும் ஓதும் சூராக்களின் பொருளிலிருந்து தாய்மார்களும் பிள்ளைகளோடு சேர்ந்து தொடங்கலாம். உம்மாவும் தன்னோடு தடுமாறிக் கற்கிறார் என்று கண்டாலே பிள்ளையின் பாதி பயம் போய்விடும்.

பயனுள்ள கல்வியை அல்லாஹ் நம் அனைவருக்கும் எளிதாக்கித் தருவானாக! ஆமீன்.