இறைச்சி கிடைக்கும், ரொட்டி கிடைக்குமா?

நியூயார்க் நகரத்தை விட்டு அயல் தேசங்களில் குடியேறிய அமெரிக்கர்கள் ஒன்றுகூடும் இடங்களில், வீட்டு வாடகை, விசா, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் முதலிய விஷயங்களெல்லாம் பேசித் தீர்ந்த பிறகு, யாரேனும் ஒருவர் தவறாமல் கிளப்பும் கேள்வி ஒன்று உண்டு: இந்த ஊரில் நல்ல பாஸ்ட்ராமி சாண்ட்விச் எங்கே கிடைக்கும்? கேட்பவர் யூதராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடில் ஏழை யூதக் குடியேறிகளின் ஆகாரமாகத் தலையெடுத்த அந்தப் பண்டம் நகரத்தார் அனைவருக்கும் சொந்தமாகி நெடுங்காலம் ஆகிவிட்டது. விடை சொல்ல முன்வருபவர்களோ, இன்ன கடையில் புகை போதாது, இன்ன கடையில் கொழுப்பையெல்லாம் சீவி எறிந்துவிடுகிறார்கள், இன்ன கடையில் உப்பு கரிக்கிறது என்று இறைச்சியைப் பற்றியே வெகுநேரம் வாதம் செய்கிறார்கள். அந்த இறைச்சியைத் தாங்கி நிற்கும் ரொட்டியைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. என் அபிப்பிராயத்தில் அனர்த்தம் அங்கேதான் ஆரம்பமாகிறது.

இறைச்சியின் மகிமையை நான் மறுக்கவில்லை. ருமேனியாவிலிருந்து வந்த யூதர்கள், சொந்த நாட்டில் வாத்தினப் பறவைகளின் மாமிசத்துக்குச் செய்துவந்த பக்குவத்தை, மாட்டிறைச்சி மலிந்து கிடந்த அமெரிக்காவுக்கு வந்ததும், மாட்டின் அடிவயிற்றை ஒட்டிய கொழுப்பு மிகுந்த பகுதிக்கு மாற்றிக்கொண்டார்கள். அது நாட்கணக்காக உப்புநீரில் ஊறி, மிளகும் கொத்துமல்லி விதையும் பூண்டும் மேலே அப்பப்பெற்று, புகையில் கிடந்து, கடைசியில் நீராவியில் மணிக்கணக்காக வெந்து, கத்தி பட்டவுடன் நெகிழ்ந்து கொடுக்கும் பதத்தை அடைந்து பாஸ்ட்ராமி ஆகிறது. (நம் அடுப்பங்கரையில் இருக்கும் மிளகும் மல்லியும்தான் அந்தக் கருத்த மேற்பூச்சின் சாரம் என்று அறிந்தால், மாமிசத்தைத் தொடாத வாசகர்களுக்குக் கூட அதன் வாசனையை ஒருவாறு ஊகித்துக்கொள்ள முடியும்.) அதே கடைகளில் அதனோடு விற்கும் கார்ன்டு பீஃப் என்பதோ நெஞ்சுக்கறியை உப்புநீரில் ஊறவைத்துப் புகை காட்டாமலே வேகவைப்பது. பெரிய தொழிற்சாலைகளில் உப்புநீரை ஊசிகளின் வழியே மாமிசத்துக்குள் செலுத்தி, வாரக்கணக்கான வேலையை ஓரிரு தினங்களில் முடித்துவிடுகிறார்கள் என்பதும், ஆவி பறக்கும் கண்டத்தை நாருக்குக் குறுக்கே கையால் அறுத்துத் தருவதற்கும், ஆறிப்போனதை இயந்திரத்தில் தாள்தாளாகச் சீவித் தருவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு என்பதும் பலரும் எழுதி அலுத்த சங்கதிகள். அவற்றுக்குள் நான் புகப்போவதில்லை. ஏனெனில், இறைச்சி பிரயாணம் செய்யக்கூடியது. காற்றை நீக்கி உறையிலிட்டுக் குளிரில் வைத்தால் அது சமுத்திரம் தாண்டும்; தாண்டிய பிறகு ஆவியில் ஏற்றிச் சூடாக்கினால், முன்னிருந்த குணத்தில் முக்கால் பங்கையாவது திருப்பித் தரும். கடுகு விழுது குப்பியில் வருகிறது. உப்புநீரில் பூண்டும் டில் இலையும் சேர்த்து, வினிகரின் உதவியில்லாமல் புளிக்க வைக்கும் வெள்ளரிப்பிஞ்சை எந்த நாட்டிலும் ஒரு ஜாடியில் போட்டுக்கொள்ளலாம். பிரயாணம் செய்ய மறுப்பது ரொட்டி ஒன்றுதான்.

இதற்கு அத்தாட்சி வேண்டுமானால், இந்த வகைச் சாண்ட்விச் வேரூன்றிப் பிழைத்திருக்கும் வெளியூர்களைக் கவனிக்க வேண்டும். லண்டன் மாநகரின் பிரிக் லேன் என்னும் தெருவில், இரவும் பகலும் திறந்தே இருக்கும் கடைகளில், உப்பிட்ட மாட்டிறைச்சியைச் சுடச்சுட அறுத்து, கண்ணில் நீர் வரவழைக்கும் ஆங்கிலேயக் கடுகு விழுதைத் தடவி, வெந்நீரில் முக்கி எடுத்துச் சுட்ட வளைய ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கிறார்கள். கானடாவில் மாண்ட்ரீல் நகரத்து செயிண்ட் லாரன்ட் வீதியில், நெஞ்சுக்கறியை மசாலா பூசி ஊறவைத்துப் புகைபோட்டு, ரை என்னும் தானியத்தில் செய்த மெல்லிய ரொட்டியிலே மஞ்சள் கடுகுடன் குவித்துத் தருகிறார்கள். கொழுப்பு எவ்வளவு வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொள்வது அவ்வூர் வழக்கம். அர்ஜென்டினாவின் தலைநகரான புவனோஸ் அய்ரெஸில், ஒன்ஸே, வில்லா கிரெஸ்போ போன்ற யூதர் வாழும் பகுதிகளில், பாஸ்ட்ரோன் என்ற பெயரில் அதே இறைச்சியை, வெங்காயமும் கசகசாவும் தூவிச் சுட்ட தட்டை ரொட்டியில் வெள்ளரி ஊறுகாயுடன் வைத்துத் தருகிறார்கள். மூன்று ஊர்களிலும் இறைச்சியின் பக்குவம் மூன்று விதம். மூன்றிலும் பொதுவாக இருப்பது யாதெனில், அந்த ஊர்களுக்கு யூதக் குடியேறிகள் போனபோது அவர்களோடு ரொட்டி சுடுபவர்களும் போய், அடுப்பு மூட்டி, ஒரு தலைமுறைக்கு மேல் அதைத் தணியவிடாமல் காத்தார்கள் என்பதே. அடுப்பு இருந்த இடத்தில் சாண்ட்விச் பிழைத்தது.

அந்த அடுப்பு இல்லாத இடங்களின் கதையோ விசித்திரமானது. பாஸ்ட்ராமியின் பூர்விக தேசமாயிற்றே என்று ஒருவர் ருமேனியாவுக்கே போய்ப் புகாரெஸ்டில் தேடினால், இலையுதிர் காலத்தில், பெரும்பாலும் ஆட்டிறைச்சியில் செய்து, சோளமாவுக் களியுடனும் பொங்கிக்கொண்டிருக்கும் புதுத் திராட்சை ரசத்துடனும் உண்ணும் ஒரு பதார்த்தம் அவருக்குக் கிடைக்கும். அது நல்ல பதார்த்தம்தான், ஆனால் அவர் தேடிப்போனது அதுவன்று. இதைவிட விசித்திரம் இஸ்ரேல். யூதர்களின் தேசத்தில் யூதர் கடைச் சாண்ட்விச் கிடைக்காமலா போகும் என்று நம்பிக்கையோடு டெல் அவிவில் இறங்கும் அமெரிக்கருக்கு, தெருவெங்கும் ஃபலாஃபெலும் ஷவர்மாவும், ஈராக்கிலிருந்து வந்த யூதர்கள் கொண்டுவந்த, கத்தரிக்காய் வறுவலும் அவித்த முட்டையும் பொதிந்த சபீஹும் எதிர்ப்படுமேயன்றி, ரை ரொட்டியில் பாஸ்ட்ராமி என்பது மிகமிக அபூர்வம். காரணங்கள் ஸ்பஷ்டமானவை. ஈராக், யேமன், மொராக்கோ முதலிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் அத்தேசத்துத் தெரு ஆகாரத்துக்கு உருக்கொடுத்தார்கள். 1949-ல் ஆரம்பித்துப் பத்தாண்டுக்காலம் உணவுப் பங்கீடு அமுலில் இருந்த நாட்டில், மாட்டிறைச்சியை மலைபோல் குவித்துத் தின்னும் சம்பிரதாயம் முளைப்பதற்கு இடமேது? ரொட்டியும் அவ்வாறே, சர்க்கார் விலை நிர்ணயித்த எளிய ரொட்டிதான் நெடுங்காலம் அங்கே சாமானிய ஜனங்களின் ஆகாரமாய் இருந்தது. இத்தகைய சாண்ட்விச்சை விற்கும் டெலி என்ற யூதர் கடை, கிழக்கு ஐரோப்பிய யூதனுக்கும் அமெரிக்க மாட்டுக்கும் நேர்ந்த சந்திப்பில் பிறந்த குழந்தை. இரண்டில் ஒன்று இல்லாத பிரதேசத்தில் அது பிறக்கவே இல்லை.

அண்மைக் காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் இந்தச் சாண்ட்விச் ஒரு நாகரிகமாகப் பரவியிருப்பது உண்மை. ஆனால் அங்கெல்லாம் வெண்ணெய் மணக்கும் பிரியோஷ் ரொட்டியிலும், ஊதிப் பருத்த வெள்ளை ரொட்டியிலும் பாஸ்ட்ராமியை வைத்து, அதன்மேல் மயோனைஸும் உருகிய பாலாடைக்கட்டியும் ஊற்றித் தருவதைக் காண்கிறோம். மாமிசத்தோடு பால்வகை எதையும் சேர்க்கலாகாது என்ற யூத ஆசாரத்தை அறிந்தவர்களுக்கு இதைக் கேட்கவே கூசும். (கார்ன்டு பீஃபும் பாலாடைக்கட்டியும் புளித்த முட்டைக்கோஸும் சேர்ந்த ரூபன் சாண்ட்விச் அமெரிக்காவிலேயே பிறந்ததுதான், ஆசாரமுள்ள யூதர் எவரும் அதைத் தொடமாட்டார்.) ஆகாரம் போகிற இடத்துக்கேற்ப மாறத்தான் செய்யும், அதைக் குறை சொல்வது வீண் என்று வாதிப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் கட்சியிலும் ஓரளவு நியாயம் இருக்கலாம்.

ரொட்டிக்கு வருவோம். ரை என்பது கோதுமை விளையாத குளிர்ந்த, சத்தற்ற மண்ணிலும் விளையும் தானியம். ஆகவேதான் போலந்து, லித்துவேனியா, ரஷ்யா முதலிய நாடுகளின் ஏழைகள் அதைக் கருப்பு ரொட்டியாகச் சுட்டுத் தின்று உயிர் வளர்த்தார்கள். அமெரிக்காவில் கோதுமை மாவு மலிவாகக் கிடைத்ததும், யூத ரொட்டிக்காரர்கள் ரை மாவைப் பாதிக்கும் குறைவாகக் குறைத்துக் கோதுமையைக் கூட்டி, கனமும் இல்லாமல் பஞ்சாகவும் போகாமல் நடுத்தரமான ஒரு ரொட்டியை உண்டாக்கினார்கள். கோதுமை மாவைப் பிசைந்தால் வரும் இழுவைத்தன்மை ரை மாவில் வராது. அதனோடு, அதிலுள்ள மாச்சத்து அடுப்பில் வேகும்போது சர்க்கரையாக உடைந்து, ரொட்டியின் உட்புறத்தைப் பிசின் போலாக்கிவிடும் இயல்பும் அதற்கு உண்டு. இந்தத் தோஷத்தை அடக்குவது புளிப்பு. நம் வீடுகளில் தோசைமாவைப் புளிக்க வைப்பதற்குப் பழைய மாவில் ஒரு கரண்டி எடுத்துச் சேர்ப்பது போல, நாள்தோறும் கொஞ்சம் எடுத்து வைத்து, புதுமாவு ஊட்டி ஊட்டி, பல கட்டங்களாகப் புளிக்க வைத்த ரை மாவைத்தான் அவர்கள் ரொட்டியின் உயிராகக் கொண்டார்கள். முந்தின நாள் மிஞ்சிப்போன ரொட்டியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, புதிய மாவோடு சேர்த்துப் பிசைவதும் வழக்கம்; சிக்கனத்துக்காகத் தோன்றிய அந்த உபாயம் ரொட்டிக்கு ஈரத்தையும் ஆழ்ந்த ருசியையும் அளித்தது. கேரவே விதையைத் தூவி, நீராவி நிறைந்த அடுப்பில் சுட்டு, வெளியே எடுத்ததும் சோளமாவுக் கஞ்சியை மேலே பூசினால், பளபளப்பும் மொறுமொறுப்பும் உள்ள மேலோடு அமைகிறது.

இத்தனை பாடும் வெறும் அலங்காரத்துக்கு அன்று. கொழுப்பு உருகி வழியும் சூடான இறைச்சியைக் கையளவு கனத்துக்கு அடுக்கினால், மிருதுவான வெள்ளை ரொட்டி இரண்டே கடியில் கூழாகிவிடும். ஜெர்மானியரின் கனத்த கருப்பு ரொட்டியோ, வெண்ணெய் தடவி மெல்லிய துண்டங்களாக உண்பதற்கு ஏற்றது; இறைச்சியோடு அது போட்டியிட்டு இரண்டின் ருசியையும் கெடுத்துவிடும். பிரெஞ்சுக்காரரின் நீண்ட ரொட்டியில் மேலோடு முரட்டுத்தனமானது. கடிக்கும்போது உள்ளிருக்கும் இறைச்சி பின்புறமாகப் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். கொழுப்பின் திகட்டலைப் புளிப்பால் வெட்டி, கேரவேயின் மணத்தால் துலக்கி, கடைசிக் கடி வரையில் உருக்குலையாமல் நிற்கக் கூடியது யூத ரை ரொட்டி ஒன்றே. டிட்ராய்ட் நகரத்தில் சில கடைகள் இந்த ரொட்டியை முக்கால் பதம் சுட்டு வைத்திருந்து, பரிமாறுவதற்குமுன் மறுபடியும் அடுப்பில் ஏற்றி, மேலோடு சடசடவென்று நொறுங்கும்படி செய்து, அதன் பிறகே அறுக்கின்றன. ரொட்டியின் பெருமையை உணர்ந்தவர்கள் செய்யும் காரியம் அது.

இனி என் மனத்தை உறுத்திக்கொண்டிருக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் வாழும் அமெரிக்கர், ஊருக்குத் திரும்பினால் எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணி ஏங்குகிறார். ஊரிலேயே அந்த ரொட்டி அருகி வருகிறது. 1881-க்குப் பின் 1924-ல் குடியேற்றத்துக்குக் கதவடைக்கப்படும் வரையில் அமெரிக்கா வந்து சேர்ந்த இருபது லட்சத்துக்கு மேற்பட்ட யூதர்களின் கதை வாசகர்கள் அறிந்ததே. அவர்களால், 1930-களில் நியூயார்க்கில் ஆசாரமுறைப்படி நடந்த டெலிக் கடைகள் மட்டும் ஆயிரத்தைத் தாண்டியிருந்தன. இன்று அவற்றுள் வெகு சிலவே எஞ்சியிருக்கின்றன. ஹூஸ்டன் தெருவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பரம்பரையைச் சொல்லிக்கொள்ளும் பழைய கடைக்கு வெளியே இன்றும் ஜனங்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்பதைக் கண்டு மகிழ்பவர்கள், அந்த வரிசையில் நிற்பவர்களுள் ரொட்டியைப் பற்றிக் கவலைப்படுபவர் எத்தனை பேர் என்று யோசிப்பதில்லை. இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு யூதக் குடும்பங்கள் புறநகர்களுக்குப் போயின. ரொட்டி சுடுவது நள்ளிரவில் எழுந்து நெருப்போடு மல்லாடும் ஜீவனம். அந்த ஜீவனம் நடத்திப் பிள்ளைகளை வைத்தியர்களாகவும் வக்கீல்களாகவும் ஆக்கிய தகப்பன்மார், அதே பிள்ளைகள் அடுப்பின் முன் நிற்க வேண்டும் என்று விரும்பவில்லை. இதில் யாரையும் குற்றம் சொல்லுவதற்கில்லை. ஆனால் அதன் பலனாக, பேட்டையின் ரொட்டிக்கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. புளிமாவுக்குப் பதிலாகப் புளிப்புப் பொடியும், ரையின் நிறத்துக்குப் பதிலாகக் கருக்கிய சர்க்கரையின் நிறமும் சேர்த்து, துண்டு போட்டு உறையிலிட்ட ரொட்டி பெரிய அங்காடிகளில் ரை என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. மூன்று வாரம் ஊறிய இறைச்சியை அந்த ரொட்டியில் வைத்துக் கொடுக்கும் கடைகள் நியூயார்க்கிலேயே இருக்கின்றன என்றால், அதை என்னவென்று சொல்வது! இறைச்சியைப் பற்றிய பெருமை விளம்பரப் பலகையில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. ரொட்டி எங்கிருந்து வருகிறதென்று ஒரு வரி கூடக் காணோம். ஒரு புளிமாவு பட்டினி கிடந்து செத்துப்போனால், அதோடு ஓர் அடுப்பின் தனிச் சுவை போய்விடுகிறது. மறுபடியும் மாவும் தண்ணீரும் கலந்து வைத்தால் புதிதாக ஒன்று புளிக்கும், ஆனால் அது வேறொரு புளிப்பாகவே இருக்கும்.

ஆகவே வெளிநாட்டில் வசிக்கும் அன்பர்களுக்கு நான் கூறக்கூடிய யோசனை, இறைச்சியை வாங்கிக்கொண்டு ரொட்டியை வீட்டில் சுடுங்கள் என்பதே. இக்காலத்தில் பலர் இதற்கு நேர்மாறாக, நெஞ்சுக்கறியை வீட்டிலேயே ஊறவைக்கத் துணிகிறார்கள். அதற்குத் தேவையான நைட்ரைட் உப்பு சில நாடுகளில் எளிதில் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் அளவு தவறினால் விஷமாகும் வஸ்து அது. ரை மாவிலும் தண்ணீரிலும் அப்படிப்பட்ட அபாயம் இல்லை. ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சம அளவு ரை மாவும் தண்ணீரும் கலந்து, தினந்தோறும் பாதியை நீக்கிப் புதுமாவும் தண்ணீரும் சேர்த்து வந்தால், ஒரு வாரத்துக்குள் அது நுரைத்து எழும்பும். முதலில் சுடும் ரொட்டி செங்கல்லாக இருந்தாலும் பாதகமில்லை. அதையும் ஊறவைத்துப் பிழிந்து அடுத்த ரொட்டியில் சேர்த்துக்கொள்ளச் சாஸ்திரமே இடம் கொடுக்கிறது.

சுடுவதற்கு அவகாசம் இல்லாதவர்கள், புதிய ஊரில் கடைக்குள் நுழைந்ததும், இறைச்சியைப் பற்றி விசாரிப்பதற்கு முன்னால், ரொட்டி யார் சுட்டது, எப்பொழுது சுட்டது என்று கேளுங்கள். பணியாளர் பெருமையோடு பதில் சொன்னால் உட்காருங்கள். அவர் விழித்தால், கோழி ரசம் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். அந்த ரசத்தை எந்த ஊரிலும் ஒருவாறு நன்றாகவே வைக்கிறார்கள்.