கூடைப்பந்தாட்டத்தில் ஆளறிதல்

ஈசாயின் புதல்வருள் ஒருவனை அரசனாக அபிஷேகஞ் செய்யச் சென்ற சாமுவேல் தீர்க்கதரிசி, மூத்தவனாகிய எலியாபின் தோற்றத்தையும் உயரத்தையுங் கண்டு, இவனே அவன் என எண்ணி மயங்கினார். கடவுள் தெரிந்துகொண்டவனோ, அவ்வேளை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இளையோன் தாவீது. தீர்க்கதரிசிக்கே நேர்ந்த இம்மயக்கம் விளையாட்டுக் களத்தில் ஆள் தெரிவோர்க்கும் நேர்தல் வியப்பன்று. கூடைப்பந்தாட்டத்தில் முதற்கண் கண்ணிற்படுவது உயரமே. உயரமொன்றே கொண்டு ஓர் இளைஞன் இவ்வாட்டத்தைத் தொழிலாகக் கொள்ளத் தக்கவனா எனத் துணியலாமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பிரிங்பீல்டு நகரிலே, கிறிஸ்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பார் இவ்வாட்டத்தை வகுத்தார். 1920-இல் ஹாரி குரோ பக் என்பார் அச்சங்கத்தின் சார்பிற் சென்னையில் உடற்பயிற்சிக் கல்லூரியை நிறுவினார். களத்தில் ஓர் அணியினர் ஐவர். பந்தை நடத்திச் செல்வோன் ஒருவன். கூடையருகே நின்று போராடும் நெடியோர் சிலர். இவ்விரு திறத்தார்க்கும் இடையே இரு பக்கங்களிலும் இயங்குவோரை ‘விங்’ என்பர். அவரைப் பக்க ஆட்டக்காரர் என்போம். அவரை மதிப்பிடுதலே மிக அரிது. ஏனெனில் அவர்பால் எல்லாத் திறனுஞ் சிறிது சிறிதாக வேண்டப்படும்.

முதலாவது, உடல். உயரத்தினும் கைந்நீளம் பெரிதும் பயன்படும். எதிரியின் எறிதலைத் தடுப்பது கையன்றோ? மேலும், இளமையில் உடல் நின்ற நிலையில் நில்லாது. ஸ்காட்டி பிப்பன் என்பார் கல்லூரி புகுங்கால் ஆறடிக்குச் சற்றே மேற்பட்ட உயரமுடையவராய், அணியின் உதவிப்பணியாளராக இருந்தார். கல்லூரி நாட்களிலேயே ஏறக்குறைய அரையடி வளர்ந்தார். 1987-இல் அமெரிக்கத் தொழில்முறைத் தேர்வில் ஐந்தாமவராகத் தெரிந்தெடுக்கப்பட்டுப் பின் சிகாகோ அணியுடன் ஆறு முறை வாகை சூடினார்.

இரண்டாவது, எறிதல். 6.75 மீட்டர் கோட்டிற்கு அப்பாலிருந்து கூடையில் இடும் பந்து மூன்று புள்ளி பெறும். ஒருவன் சில ஆட்டங்களில் அங்ஙனம் 20 முறை எறிந்து 8 முறை வென்றால், நூற்றுக்கு 40 எனப் புகழ்வோம். அவற்றுள் இரண்டு வளையத்திற் பட்டு வெளியே விழுந்திருப்பின் நூற்றுக்கு 30 என இகழ்வோம்! கை ஒன்றே, கணக்கு மட்டும் வேறாயிற்று. ஆதலின் தடுப்பாரின்றி எறியும் தனி எறிதலை நூற்றுக்கணக்கில் எறியச் செய்து காண்க. கையின் ஒழுங்கு அதிற் புலப்படும்.

மூன்றாவது, காவல். குறியோனும் விரைந்தோனுமாகிய எதிரியையும், நெடியோனும் வலியோனுமாகிய எதிரியையும் அவன் மறித்தல் வேண்டும். இதற்குப் பக்கவாட்டில் நகரும் கால் வேண்டும். நான்காவது, பந்து தன்பால் இல்லாதபோது அவன் செய்வது. ஆட்டத்தின் பெரும்பகுதியில் பந்து பிறர் கையிலேயே இருக்கும். காண்போர் பந்தை நோக்குவர். தெரிவோன் ஆளை நோக்குக.

நிற்க. கல்வராயன் மலைச் சிற்றூரினின்று ஒரு மாணவன் கள்ளக்குறிச்சிக்கு ஆட்டத் தேர்வுக்கு வருகின்றான் எனக் கொள்வோம். மேட்டிலும் பள்ளத்திலும் நடந்து பழகிய கால், சலியாத மூச்சு. ஆயினும் பந்தைத் தொட்டு ஆறு திங்களே ஆயின. அவனெதிரே, பத்தாண்டு பயின்ற நகரத்து மாணவன். அன்றைய புள்ளிகளை மட்டும் எண்ணி மலைமகனைத் திருப்பியனுப்புதல் நீதியோ? எத்தனை நாள் பயின்றான் என வினவுக. ஒரு பிழையைத் திருத்திக் காட்டுக. மூன்று திங்கள் கழித்து மீண்டும் காண்க. அப்பிழை மறைந்திருப்பின், அதுவே ஐந்தாவதும் தலையாயதுமாகிய குணம்.

ஆயின் இரக்கத்தால் பொய்ந்நம்பிக்கை ஊட்டுதலும் தீது. பஞ்சாபைச் சார்ந்த சத்னாம் சிங், ஏழடி கடந்த உயரமுடையவர், 2015-இல் அமெரிக்கத் தேர்வில் 52-ஆம் இடத்தில் தெரிந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர். எனினும் அத்தலைமைச் சங்கத்தின் ஆட்டமொன்றிலேனும் அவர் இறங்கவில்லை. வாரணாசியைச் சார்ந்த விசேஷ் பிருகுவன்ஷி, நம் நாட்டணியின் தலைவராய் விளங்கியவர், 2017-இல் ஆஸ்திரேலியாவின் அடிலெயிடு அணியோடு ஒப்பந்தஞ் செய்தார். அவரும் இங்கு எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகத்தின் பணியிலிருந்தே ஆடினார். நம் நாட்டில் 2015-இல் தோன்றிய தொழில்முறைப் போட்டி 2017-க்குப் பின் நின்றது. இரயில்வே, வங்கி, காவல்துறை ஆகியவற்றின் பணியே ஆட்டக்காரர் பலர்க்கு ஊன்றுகோலாயிற்று. ஆகவே, ‘ஆடு, படிப்பையும் விடாதே’ என்றல் அவனைத் தாழ்த்துதலன்று, காத்தலேயாம்.

தெரிந்து தெளிதல் என ஓரதிகாரமே வகுத்தார் வள்ளுவர். தெரியாது தெளிதலும், தெளிந்தபின் ஐயுறுதலும் இளைஞனொருவன் வாழ்வைக் கெடுக்கும். நம் கல்லூரிக் களத்திற்கு முதன்முறை வரும் மாணவனை நோக்கி, ‘நீ எத்தனை அடி?’ என வினவுமுன், ‘நேற்றினும் இன்று என்ன கற்றாய்?’ என வினவுவோமாக.