பவளத் தொட்டியில் நீரின் வெப்பநிலை

கடல்நீரைக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பி, அதனுள் உயிருள்ள பவளத்தை வளர்த்துக் காணும் கலை மேனாடுகளிற் பலருடைய வீடுகளில் இன்று நிலைபெற்றிருக்கின்றது. மீன் வளர்த்தலினும் இஃது அருமையுடைத்து. மீன் தனக்கு ஒவ்வாத நீரினின்று ஒதுங்கவேனும் முயலும். பவளமோ, வேரூன்றிய மரம்போல நின்ற இடத்தே நின்று, வருவதை ஏற்கும். அதற்கு வேண்டுவன ஒளி, நீரோட்டம், உவர்ப்பின் அளவு, சுண்ணச்சத்து எனப் பலவாம். அவற்றுள் வெப்பநிலை ஒன்றனையே இக்கட்டுரை பொருளாகக் கொள்கின்றது. ஏனையவற்றிற் பிழை நேரின் திருத்திக்கொள்ளப் பெரும்பாலும் சில நாட்கள் கிடைக்கும். வெப்பத்திற் பிழை நேரின் அழிவிற்கு ஓர் இரவே போதும்.

பவளம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் நினைவில் எழுவது மாலையிற் கோக்கும் செம்மணியே. சங்கப் புலவர் துகிர் என்றதும் அதனையே. அச்செம்பவளம் கதிரவன் ஒளியை வேண்டாது, நடுநிலக்கடல் முதலியவற்றின் ஆழத்தில் வளர்வது. ஈண்டுக் கூறப்படுவது வேறு. வெப்ப நாடுகளின் ஆழமற்ற கடல்களிற் பாறை கட்டி வளர்வதும், முருகைக்கல் என வழங்கப்பெறுவதுமாகிய கற்பவளம். இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளைச் சுற்றி இது வளர்கின்றது. அங்கிருந்து ஒரு கிளையை முறித்து வந்து வீட்டில் வளர்க்கலாமே என எவரும் கருதற்க. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்து முதல் அட்டவணையிற் கற்பவளங்கள் 2001-இல் சேர்க்கப்பட்டமையின், புலியைப் போல இதுவும் அவ்வட்டவணையின் காப்பில் உள்ளது. ஆகவே, இக்கட்டுரையில் வரும் தொட்டி, ஜெர்மனி, அமெரிக்கா முதலிய நாடுகளில், தொட்டியிலேயே வளர்ந்த பவளத்தின் துண்டுகளைத் தம்முள் மாற்றிக்கொள்வோர் வீட்டில் உள்ளதெனக் கொள்க.

இக்கலையின் தொடக்கத்தில் வெப்பம் ஒரு சிக்கலாகவே தோன்றவில்லை. 1846-இல் ஆன்னா தைன் என்னும் ஆங்கில மாது டார்க்கீ என்னும் கடற்கரை ஊரினின்றும் கற்பவளங்களை இலண்டனுக்குக் கொண்டுசென்று வளர்த்தார். அவை குளிர்ந்த கடலுக்கு உரியவை. குளிர்ந்த நகரத்திலும் வாழ்ந்தன. 1961-இல் ஜகார்த்தா நகரத்து லீ சின் எங் என்பார், கடலினின்று எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக் குமிழிகளையும் மட்டுமே துணைக்கொண்டு வெப்பக்கடற் பவளத்தை வளர்க்கும் முறையை எழுதி வெளியிட்டார். அவர் நகரத்தின் காற்றே பவளத்திற்கு ஏற்ற வெப்பமுடையது. அதே பவளத்தைப் பனிபெய்யும் நாட்டில் ஒருவர் வளர்க்க விரும்பிய போதே ஹீட்டரும், அதனோடு அதன் குற்றங்களும் வீட்டினுட் புகுந்தன.

வெப்பத்தைப் பவளம் ஏன் இத்துணை அஞ்சுகின்றது? பவளம் விலங்கினத்தைச் சேர்ந்தது. தான் கட்டிய கற்கூட்டில் வாழும் அச்சிற்றுயிரின் உடலணுக்களுள் நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைத்து, அதிற் பெரும்பகுதியைத் தன்னைக் குடிவைத்த பவளத்திற்கு வாடகைபோல் அளிக்கின்றது. பவளத்தின் பழுப்பு நிறமும் பெரிதும் இப்பாசியால் அமைவதே. நீர் அளவுமீறி வெம்பினால், பாசியின் உணவாக்கும் தொழில் நிலைகுலைந்து, உடலணுக்களைச் சிதைக்கும் பிராணவாயு வடிவங்கள் உண்டாகின்றன. அந்நிலையிற் பவளம் பாசியை வெளியேற்றிவிடுகின்றது. நிறம் நீங்கி, தசையினூடே சுண்ணக்கூடு வெள்ளை வெளேரெனத் தோன்றும். வெளுத்த பவளம் இறந்ததன்று, பட்டினி கிடப்பது. வெப்பம் விரைவில் தணியின் பாசி மீளப் பெருகிப் பவளம் பிழைக்கும், நீடிப்பின் மடியும்.

ஓரிடத்துக் கடல், அவ்விடத்தில் ஆண்டின் மிக வெப்பமான திங்களுக்குரிய சராசரியினும் ஒரு பாகை மிகுந்து சில வாரங்கள் நிற்பின் வெளுப்புத் தொடங்கும். (இக்கட்டுரையிற் பாகை என்பன யாவும் செல்சியஸ் அளவின.) அமெரிக்க அரசின் கடல், வானிலை ஆய்வுத் துறையினர் இதனையே அளவுகோலாகக் கொண்டு உலகக் கடல்களைக் கண்காணிக்கின்றனர். மிகுந்த பாகையையும் அது நீடித்த வாரங்களையும் பெருக்கி வரும் எண் 4 ஆயின் வெளுப்பும், 8 ஆயின் பரவலான சாவும் எதிர்பார்க்கப்படும். நம் மன்னார் வளைகுடாப் பவளங்கள் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கோடையில் இவ்வாறு வெளுத்தன. ஒரு பாகை என்பது நம் உடலுக்குப் புலப்படாத வேறுபாடு. பவளத்திற்கு அதுவே வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலுள்ள வரப்பு.

இது கொண்டு, தொட்டியின் வெப்பம் அணுவளவும் அசைதல் கூடாது எனச் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் மிகை என்பதே என் கருத்து. பெரும்பாலோர் 25 முதல் 27 பாகை வரை வைத்து வளர்க்கின்றனர். பகலில் ஒரு பாகை ஏறி இரவில் இறங்குதலாற் கேடில்லை. அமெரிக்கச் சமோவாவைச் சேர்ந்த ஓபூ என்னும் தீவின் ஆழமற்ற கடற்குட்டைகளில் நண்பகல் வெப்பம் சில நாட்களில் 34 பாகையையும் கடக்கின்றது. சில மணிநேரத்தில் தணிந்துவிடுகின்றது. அங்கும் பவளம் செழித்துள்ளது. அது தலைமுறை தலைமுறையாகப் பழகிய பவளம். தொட்டியிலுள்ளதை அவ்வாறு சோதித்தல் தகாது. ஆயினும், அஞ்ச வேண்டுவது சிறு அசைவையன்று, விட்டு நீங்காத வெப்பத்தையும் திடீரெனப் பாயும் வெப்பத்தையுமே என்பது இதனால் விளங்கும்.

திடீர் வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்பதைச் சிறு கணக்கொன்றாற் காண்போம். 200 லிட்டர் கடல்நீரை ஒரு பாகை உயர்த்த ஏறக்குறைய 820 கிலோஜூல் வெப்பம் வேண்டும். வெப்பம் வெளியே கழியாதெனக் கொள்ளின், 100 வாட் ஹீட்டர் இதனைச் செய்ய இரண்டேகால் மணிநேரம் ஆகும். 300 வாட் ஹீட்டருக்கு முக்கால் மணியே போதும். ஹீட்டரினுள் தெர்மோஸ்டாட் என்னும் காவலன் இருக்கின்றான். வகைவேறான இரண்டு உலோகங்களை ஒட்டிய தகடொன்று, வெம்பும்போது வளைந்து மின்னோட்டத்தை அறுக்கும். குளிரும்போது நிமிர்ந்து மீண்டும் இணைக்கும். இணையும்தோறும் அறும்தோறும் முனைகளில் தீப்பொறி எழுகின்றது. நாளொன்றுக்குப் பன்முறை இவ்வாறு நிகழ, ஆண்டுகள் சிலவற்றில் முனைகள் உருகி ஒன்றோடொன்று பற்றிக்கொள்வதுண்டு. அதன்பின் காவலன் இல்லை. 300 வாட் ஹீட்டர் இரவு பத்து மணிக்கு இவ்வாறு பழுதுற்றால், விடியுமுன் நீர் பல பாகை ஏறிவிடும், வீட்டார் உறங்கிக்கொண்டிருப்பர்.

ஹீட்டர் எரியாமலே நின்றுபோவதும் உண்டு. அது சிறிய தீங்கு. ஓரிரவு 22 பாகைக்குக் குளிர்ந்த நீரினின்று பவளம் பெரும்பாலும் மீளும்; 33 பாகைக்கு ஏறிய நீரினின்று மீள்வது அரிது. ஆதலின் அறிந்தோர் பெரிய ஹீட்டர் ஒன்றனை நம்பாது, சிறியன இரண்டினை இடுகின்றனர். ஒன்று எரிந்தபடியே நின்றுவிடினும் அதன் வலி சிறிது. வெப்பம் மெல்ல ஏறும். ஏற ஏறத் தொட்டியினின்று காற்றிற் கழியும் வெப்பமும் மிகுதலின் ஓரளவில் நின்றுவிடவும் கூடும். ஒன்று அணைந்துவிடினும் மற்றது நீரை முற்றும் குளிரவிடாது. இவ்விரண்டிற்கும் மேலாகக் கன்ட்ரோலர் என்னும் தனிக்கருவியை மின்வழியில் அமைப்பர். அதனை 26 பாகையில் வைத்து, ஹீட்டரின் தெர்மோஸ்டாட்டை ஒரு பாகை மேலே வைத்தால், அன்றாட வேலையைக் கன்ட்ரோலர் செய்யும். தெர்மோஸ்டாட் ஓய்ந்திருந்து, மற்றது தவறும்போது மட்டும் கை கொடுக்கும். கன்ட்ரோலரின் உணர்முனை நீரைவிட்டு நழுவி வெளியே தொங்கினால், அது அறைக் காற்றின் குளிரை நீரின் குளிராக எண்ணிச் சூடேற்றிக்கொண்டே இருக்கும். ஆதலின் அம்முனையை அசையாது கட்டுதல் இன்றியமையாதது. நீர் மாற்றும்போது ஹீட்டரின் மின்னிணைப்பை நீக்குதலும் வேண்டும். நீருக்கு வெளியே சூடேறிய கண்ணாடிக் குழல் மீது நீர் பட்டால் வெடிக்கும்.

இனி, கோடைக்குரிய சிக்கல். நீரினுள் மூழ்கிச் சுழலும் பம்பு உண்ணும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் இறுதியில் அந்நீரிலேயே வெப்பமாகின்றது. முன்னாளில் 250 வாட், 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகளைத் தொட்டிக்குமேல் தொங்கவிட்டனர். நீர் வெம்பியதில் வியப்பில்லை. எல்.ஈ.டி. விளக்கு பரவியபின் அத்தொல்லை பெரிதும் குறைந்தது.

மிகுந்த வெப்பத்தை நீக்க எளிய வழி, நம் வீட்டு மண்பானை காட்டும் வழியே. பானையின் நுண்டுளைகளிற் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டும் வெப்பத்தைப் பானையினின்றே கவர்ந்து செல்கின்றது. தொட்டியின் மூடியை அகற்றி வலையிட்டு, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு விசிறியைச் சுழலவிட்டால் அவ்விளைவே உண்டாம். ஒரு லிட்டர் நீர் ஆவியாகுங்கால் சுமார் 2,430 கிலோஜூல் வெப்பத்தைக் கொண்டுபோகும். முன் சொன்ன 200 லிட்டர் தொட்டியை மூன்று பாகை குளிர்விக்க அது போதும். அறையின் வெப்பம் இடைவிடாது உட்புகுதலின் உண்மையிற் கிடைப்பது அதனினும் குறைவே. போவது நீர்; உப்பு அங்கேயே தங்கும். ஆதலின் இழந்ததற்கு ஈடாக நன்னீரே வார்த்தல் வேண்டும். கடல்நீர்த் தொட்டிதானே என்று உப்புநீர் வார்ப்பின் உவர்ப்பு நாளுக்குநாள் ஏறும். சென்னை போன்ற கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் வியர்வை உலராமையை நாம் அறிவோம். ஈரம் மிக்க அத்தகைய காற்றில் விசிறி பயன்படாது தோற்கும். அங்கே சில்லர் என்னும் குளிர்பொறியே வேண்டும். நீரினின்று கவர்ந்த வெப்பத்தை அது அறையினுள்ளே உமிழ்வதால், அதனைத் தொட்டியின் கீழுள்ள அடைத்த பெட்டியினுள் வைப்பது தன் காலைத் தானே வாரிவிடுவதாகும். ஹீட்டர் நிற்கும் அளவிற்கும் சில்லர் தொடங்கும் அளவிற்கும் இடையே ஒரு பாகையேனும் விடாவிடில், இரண்டும் இரவுபகல் ஒன்றையொன்று எதிர்த்துப் போராட, மின்கட்டணம் ஏறும்.

மின்சாரம் நின்று நீர் வெம்பத் தொடங்கினால், பனிக்கட்டியை நேரே இடலாகாது; அது நன்னீர். வாயை இறுக மூடிய புட்டியில் உறைந்த நீரை மிதக்கவிட்டு, மெல்ல மெல்லத் தணித்தல் வேண்டும். நீரைக் கலக்கிக் காற்றூட்டுதலும் உடன் வேண்டும். 25 பாகையிற் கடல்நீர் ஒரு லிட்டரில் ஏறக்குறைய 6.7 மில்லிகிராம் பிராணவாயுவை ஏற்கும். 30 பாகையில் 6.2 அளவே ஏற்கும். வெப்பம் மிகுங்கால் உயிர்கள் மூச்சிற்கு வேண்டுவது கூடுகின்றது. நீர் கொடுப்பதோ குறைகின்றது.

இத்துணையும் வெப்பமானி மெய் கூறினால் மட்டுமே பயன்படும். நொறுக்கிய பனிக்கட்டியும் சிறிது நன்னீரும் கலந்த கிண்ணத்தில் அதனை நிறுத்தினால் 0 காட்ட வேண்டும். ஒன்றரைப் பாகை தவறாகக் காட்டும் மானியை நம்புவோன், 26 எனக் கருதி 27½ பாகையில் வளர்க்கின்றான்.

செல்வர் சிலரின் பொழுதுபோக்கிற்கு இத்துணை நுட்பம் எற்றுக்கு என வினவுவார் உளர். 2023-ஆம் ஆண்டு ஜூலையில் அமெரிக்காவின் ஃபுளோரிடாக் கரைக்கடல் வரலாறு காணாத வெப்பமுற்றது. 24-ஆம் நாள் மானடீ குடாவிலிருந்த மிதவையொன்று 38.4 பாகை காட்டிற்று. அக்குடா ஆழமற்றது, பவளத்திட்டுமன்று. எனினும் புறத்தேயுள்ள திட்டுக்களின் பவளமும் அக்கோடையில் வெளுத்து மடிந்தது. கடலில் நாற்றங்கால் வைத்துப் பவளம் வளர்த்துவந்தோர் நீருள் மூழ்கி, ஆயிரக்கணக்கான துண்டுகளைப் பெயர்த்துப் படகிலேற்றி, லாங் கீ என்னும் தீவிலுள்ள கீஸ் கடலாய்வுக் கூடம் முதலிய இடங்களிற் கரைமேலுள்ள தொட்டிகளில் சேர்த்தனர். வெப்பத்தை அடக்கி வைத்திருந்த அத்தொட்டிகளில் அவை கோடையைக் கழித்தன. கடல் தணிந்தபின் அவற்றுட் பல மீண்டும் கடலுக்கே கொண்டுசெல்லப்பட்டன.