இலை மஞ்சளானால் வேரை நோக்குக

ராயகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி வட்டாரத்தில் எலுமிச்சைத் தோட்டமே பல குடும்பங்களின் சேமிப்பு. மகளின் திருமணமும் மகனின் கல்லூரிக் கட்டணமும் அதை நம்பியே நிற்கின்றன. நட்ட கன்று காய்ப்புக்கு வர மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். நன்கு பேணினால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் பலன் தரும். ஆதலால் நடுகின்ற நாளில் செய்யும் தேர்வு ஒரு தலைமுறையைத் தொடரும்.

சில தோட்டங்களில் இளந்தளிர்கள் வெளிறி மஞ்சளாகின்றன. நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்கின்றன. நோய் முற்றினால் இலை வெண்மையாகி, நுனிக்கிளை காய்ந்து, காய்ப்புக் குன்றும். இது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். முதிர்ந்த இலைகள் முதலில் ஒரே சீராக மஞ்சளானால் அது தழைச்சத்துக் குறைவு. இவ்விரண்டையும் குழப்பிக்கொண்டு யூரியாவை அள்ளி இடுவோர் பலர்.

மண்ணில் இரும்பே இல்லையோ என ஐயுற வேண்டா. பெரும்பாலும் அது தேவைக்கு மேலாகவே உண்டு. சுக்கான் கலந்த நிலத்தில் சுண்ணாம்பு மிகுந்து, கார அமில நிலை ஏழரைக்கு மேல் செல்லும்போது, இரும்பு கரையாத வடிவில் முடங்குகிறது. களஞ்சியம் நிறைந்திருந்தும் சாவி இல்லாத வீட்டின் நிலை இது! அந்தச் சாவி வேரிடமே உள்ளது. வேர் அமிலத்தைக் கசியவிட்டு, இரும்பைத் தான் உறிஞ்சத்தக்க வடிவிற்கு மாற்றுகிறது. இத்திறன் எல்லா வேருக்கும் ஒன்றுபோல் அமைவதில்லை. ஒட்டுக்கன்றில் கனியைத் தருவது மேற்செடி. இரும்பைத் தேடித் தருவது வேர்ச்செடி.

ஸ்பெயின் நாடு இப்பாடத்தைப் பெருஞ்செலவில் கற்றது. அங்குப் புளிப்பு ஆரஞ்சு வேர்ச்செடி சுண்ணாம்பு நிலத்தைத் தாங்கி நன்கு வளர்ந்தது. 1957-இல் வாலென்சியாப் பகுதியில் டிரிஸ்டெசா எனும் நச்சுயிரி நோய் காணப்பட்டபின், அவ்வேரில் ஒட்டிய ஆரஞ்சு மரங்கள் பெருமளவில் மடிந்தன. அந்நோயைத் தாங்கும் கரிசோ வேர்ச்செடிக்கு உழவர் மாறினர். அதுவோ மூவிலை ஆரஞ்சின் கலப்பு. சுண்ணாம்பு நிலத்தில் இலை மஞ்சளாயிற்று. பின்னர் மொன்காடா ஆய்வகத்தார் கிளியோபாட்ரா மாண்டரினை மூவிலை ஆரஞ்சுடன் கலந்து, இரு துன்பத்தையும் தாங்கும் ஃபோர்னர்-அல்கைடே 5 என்ற வேர்ச்செடியை உருவாக்கினர். எல்லா நிலத்திற்கும் ஏற்ற வேர் என ஒன்றில்லை என்பதே இதனால் விளங்கும் உண்மை.

நம் நாட்டில் எளிதில் கிடைப்பவை ஜம்பேரியும் ரங்கபுரி எலுமிச்சையும். ரங்கபுரி சுண்ணாம்பையும் வறட்சியையும் உப்பையும் ஓரளவு தாங்கும். ஜம்பேரி விரைந்து வளரும். ஆயினும் நீர் தேங்கும் களிமண்ணில் வேரழுகலுக்கு எளிதில் இரையாகும். மூவிலை ஆரஞ்சும் அதன் கலப்புகளும் சுக்கான் நிலத்திற்கு ஆகா. புளிப்பு ஆரஞ்சை நாடவும் தயக்கமே; டிரிஸ்டெசாவும் அதைப் பரப்பும் அசுவினியும் இந்தியாவிலும் உள்ளன.

எனவே கன்று வாங்குமுன் நிலத்தைத் தோண்டிப் பாருங்கள். உலர்ந்த மண்ணைப் பொடித்து எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால், சுண்ணாம்பு மிகுந்த மண் நுரைக்கும். ஆயினும் அதனோடு நில்லாது, மேல்மண்ணையும் இரண்டு மூன்றடி ஆழத்து மண்ணையும் தனித்தனியே மண் பரிசோதனை நிலையத்திற்கு அனுப்புங்கள். நாற்றங்காலில், “இஃது எந்த வேரில் ஒட்டியது?” என்று கேளுங்கள். விடை கூற இயலாதவரிடம் வாங்காதீர்கள். நம் பகுதியில் மிகுதியாய் நடப்படும் விதைக்கன்றுக்கு அதன் சொந்த வேரே துணை. அதற்கும் மண்ணறிவு வேண்டும்.

ஏற்கெனவே மஞ்சளான தோட்டத்தைக் கைவிட வேண்டியதில்லை. பத்து லிட்டர் நீரில் 50 கிராம் அன்னபேதியும் 10 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்துத் தளிர்ப் பருவத்தில் மாலையில் தெளிக்கலாம். அன்னபேதியை மண்ணில் இட்டால் சுண்ணாம்பு அதையும் முடக்கிவிடும். நீர் தேங்கவிடாதீர்கள், தேங்கினால் நோய் மிகும். தொழுவுரம் தாராளமாக இடுங்கள். எனினும் இவை ஆண்டுதோறும் தொடரும் செலவு. தகுந்த வேரைத் தேடும் உழைப்போ ஒருமுறைதான். அடுத்த குழியைத் தோண்டுமுன் குடும்பத்தோடு அமர்ந்து அதனை எண்ணிப் பார்ப்பீர்களாக!