பழத்திற்குள் ஊசி

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவதுபோல் என்று நாம் பேச்சுவாக்கில் சொல்வதுண்டு. இதமாகப் பேசியே நறுக்கென்று குத்துபவர்களைப் பற்றிய வழக்கு அது. ஆனால் 2018ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஆஸ்திரேலியாவில் பழத்திற்குள் உண்மையாகவே தையல் ஊசி இருந்தது. அதுவும் குழந்தைகள் ஆசையோடு தின்னும் ஸ்ட்ராபெர்ரிப் பழத்தில்! குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வூல்வொர்த்ஸ் என்னும் பெரிய அங்காடியில் வாங்கிய பழத்தைக் கடித்த ஒருவர், பாதி ஊசியை விழுங்கி வயிற்று வலியோடு மருத்துவமனைக்குப் போனார். அடுத்த சில நாட்களில் பிற மாநிலங்களிலிருந்தும் புகார்கள் குவிந்தன.

தோழியரே, இத்தகைய நேரத்தில் பழம் விற்ற கடைக்காரர் என்ன செய்ய வேண்டும்? ஊசியை வைத்தவர் அவர் அல்லர். ஆனால் வாங்கியவருக்குத் தெரிந்த முகம் அவருடையதுதான். ஆகவே பதில் சொல்லும் பொறுப்பு முதலில் அவருக்கே வருகிறது.

முதல் வேலை விற்பனையை நிறுத்துவது. இது கேட்பதற்கு எளிது. ஆனால் நூற்றுக்கணக்கான கிளைகள் உள்ள அங்காடியில், ஒரு கிளையில் தெரிந்த செய்தி மற்றக் கிளைகளுக்கும் கிடங்குகளுக்கும் அன்றே போய்ச் சேர வேண்டும். ஐயத்திற்குரிய பெட்டிகளைத் தட்டுகளிலிருந்து எடுத்துத் தனியே வைக்க வேண்டும். ஊசி இருந்த பழத்தையும் பெட்டியையும் குப்பையில் எறிந்துவிடக் கூடாது. காவல் துறைக்கு அவைதாம் சாட்சி. மேலுறையிலுள்ள பெயரையும் குறியீட்டையும் கொண்டு, அந்தப் பழம் எந்தப் பண்ணையில் பறிக்கப்பட்டது, எங்கே பெட்டியில் அடைக்கப்பட்டது, எந்த வண்டியில் வந்தது என்று பின்னோக்கித் தேட வேண்டும். ஒவ்வொரு படியிலும் எத்தனையோ கைகள் பழத்தைத் தொட்டிருக்கும்!

அடுத்தது, ஏற்கெனவே வாங்கிப் போனவர்களுக்குச் சொல்வது. கடையிலிருந்து சரக்கை எடுப்பது ஒன்று. வீட்டுக்குப் போய்விட்டதைத் திரும்பப் பெறுவது வேறொன்று. பின்னதே கடினம். ஸ்ட்ராபெர்ரி அரிசி பருப்புப் போல மாதக்கணக்கில் இருப்பதன்று. அறிவிப்பு வருவதற்குள் பாதிப் பழம் வயிற்றுக்குள் போயிருக்கும். எனவே கடையில் அறிவிப்பு ஒட்டினால் மட்டும் போதாது. செய்தித்தாள், வானொலி, தொலைக்காட்சி எல்லாவற்றிலும் பெட்டியின் பெயரைத் தெளிவாகச் சொல்லி, திருப்பித் தருபவருக்கு முழுப் பணத்தையும் கொடுக்க வேண்டும்.

இனித்தான் உண்மையான சங்கடம் வருகிறது. எவ்வளவை எடுப்பது? முதலில் ‘பெர்ரி அப்செஷன்’, ‘பெர்ரி லீஷியஸ்’ என்னும் இரண்டு பெயர்களில் வந்த பழங்களே திரும்பப் பெறப்பட்டன. பின்பு ‘டானிபுரூக்’ என்னும் பெயரும் சேர்ந்தது. புகார்கள் பெருகவே, கோல்ஸ், ஆல்டி ஆகிய அங்காடிகள் மேற்கு ஆஸ்திரேலியா தவிர எல்லா இடங்களிலும் ஸ்ட்ராபெர்ரியையே எடுத்துவிட்டன. வூல்வொர்த்ஸ் ஐயத்திற்குரிய பெயர்களை மட்டும் எடுத்தது.

கோதுமை வயலில் பகைவன் இரவோடு இரவாகக் களை விதைத்த உவமையை மறைக்கல்வி வகுப்பில் நாம் படித்திருக்கிறோம். களையைப் பிடுங்கப் போனால் கோதுமையும் சேர்ந்து வந்துவிடும் என்று அந்த நிலக்கிழார் தயங்கினார். அங்காடிக்காரர்களின் நிலையும் ஏறக்குறைய அதுவே. ஆனால் ஊசியை அறுவடைவரை விட்டுவைக்க முடியாதே! ஒரு குழந்தையின் தொண்டையை எண்ணிப் பார்த்தால், எல்லாவற்றையும் எடுத்த கோல்ஸை நான் குறை கூற மாட்டேன்.

எனினும் அதன் விலையைக் கொடுத்தவர்கள் விவசாயிகள். குயின்ஸ்லாந்தில் அப்போது அறுவடைக் காலம். பழுத்த ஸ்ட்ராபெர்ரி யாருக்காகவும் காத்திராது. வாங்குவாரின்றி விலை சரிந்தது. ஊசிக்கும் தங்களுக்கும் யாதொரு தொடர்புமில்லாத குடும்பங்கள் லாரி லாரியாகப் பழத்தைக் கொண்டுபோய்க் கொட்டின. அந்தக் காட்சியைக் கண்ட மக்கள் மனம் இளகியது. பழத்தை ஒதுக்காதீர்கள், நறுக்கிப் பார்த்து உண்ணுங்கள் என்னும் இயக்கம் நாடெங்கும் பரவியது. தொடக்கத்தில் எறிந்துவிடுங்கள் என்று சொன்ன அதிகாரிகளும் நறுக்கி உண்ணச் சொன்னார்கள். சில நாட்களில் அங்காடிகளும் பழத்தை மீண்டும் தட்டில் வைத்தன. எடுப்பதில் காட்டிய வேகத்தைத் திரும்ப வைப்பதிலும் காட்டுவது கடைக்காரரின் கடமை என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில் வெறுந்தட்டு இருக்கும்வரை பயமும் இருக்கும்.

இதற்கிடையில் விளையாட்டுக்காகவும் வீண் விளம்பரத்துக்காகவும் தாங்களே ஊசியைச் செருகிவிட்டுப் புகார் கொடுத்தவர்களும் உண்டு. வூல்வொர்த்ஸ் தன் கடைகளில் தையல் ஊசி விற்பதையே சிறிது காலம் நிறுத்திவைத்தது. (பாவம், பொத்தான் அறுந்தவர்கள்!) உணவில் கேடு கலப்போருக்கான உச்சத் தண்டனையை 10 ஆண்டுச் சிறையிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தும் சட்டம் அந்த மாதமே நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. குற்றவாளியைக் காட்டிக் கொடுப்பவருக்கு 1,00,000 டாலர் பரிசு தருவதாகக் குயின்ஸ்லாந்து அரசு அறிவித்தது. நவம்பரில் ஒருவர் கைது செய்யப்பட்டார். ஆனால் 2021 ஜூலையில் அந்த வழக்கு கைவிடப்பட்டது.

பல பண்ணைகள் உலோகத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகளை வாங்கின. பெட்டிகள் ஒவ்வொன்றாக அதனுள் சென்று வந்த பிறகே அங்காடிக்குப் புறப்பட்டன. ஏற்கெனவே நட்டப்பட்டிருந்த விவசாயிகளுக்கு இது மேலும் ஒரு செலவு.