பால் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு?

1877-இல் ஹியூ லோ கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அன்று தொடங்கி பேராக்கில் எத்தனையோ தோட்டங்கள் எழுந்தன. அங்கெல்லாம் நாள்தோறும் ஓர் இரசாயனக் கேள்வி எழுந்துகொண்டே இருந்தது: இந்த வாளிப் பாலில் ரப்பர் எவ்வளவு?

மரத்திலிருந்து வடியும் பால் முழுவதும் ரப்பர் அல்ல. 100 கிராம் பாலில் பொதுவாக 30 முதல் 40 கிராம் மட்டுமே ரப்பர். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். கொஞ்சம் புரதம், சர்க்கரை, உப்புகள். மரத்துக்கு மரம், மழைக்கு வெயில் இந்த அளவு மாறும். ஆகவே பால் வெட்டுபவரின் கூலிக் கணக்கில் பாலின் எடையைவிட 'உலர் ரப்பர்' எடையே முக்கியமாக இருந்தது.

அதைக் கணிக்க ஸ்டோரில் இருந்த கருவி மெட்ரோலாக். அளவுகோடுகள் போட்ட தண்டுள்ள ஒரு மிதவை, அவ்வளவுதான். ரப்பர் தண்ணீரைவிட இலேசானது. எனவே ரப்பர் அதிகமுள்ள பாலில் மிதவை ஆழமாக இறங்கும். பால் கெட்டியாக இருப்பதால் ஒரு பங்கு பாலுக்கு இரண்டு பங்கு தண்ணீர் ஊற்றி அளப்பார்கள். கிடைத்த எண்ணை மூன்றால் பெருக்குவார்கள்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். மூன்றால் பெருக்கும்போது பிழையும் மூன்று மடங்காகிறது. 20 லிட்டர் பால் என்று வைத்துக்கொள்வோம். மிதவை லிட்டருக்கு 105 கிராம் காட்ட, அதை 100 என்று படித்தால், 6.3 கிலோ ரப்பர் 6 கிலோவாகிவிடும். ஒரு நாளில், ஒருவருக்கு, 300 கிராம்! சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் பாட்டி சொல்வார்: "தராசு முள்ளு எங்க கண்ணுக்குத் தெரியும். அந்தக் குச்சியில என்னா போட்டிருக்குன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

சரியான விடை வேண்டுமானால் எடையறி முறைக்குத்தான் போகவேண்டும். பாலைத் துல்லியமாக நிறுத்து, நீர் கலந்து, அசெட்டிக் அமிலம் விட்டு உறைய வைப்பார்கள். உறைந்ததை மெல்லிய தாளாக அழுத்தி, கழுவி, 70 பாகை செல்சியசில் வெண்திட்டுகள் மறையும்வரை உலர்த்துவார்கள். 10 கிராம் பால் 3.2 கிராம் தாளானால் 32 விழுக்காடு. இதில் ஊகத்துக்கு இடமே இல்லை. ஆனால் நேரம் பிடிக்கும். கூலிக் கணக்கோ அன்றே முடியவேண்டும். மெட்ரோலாக் நிலைத்ததற்கு அதுவே காரணம்.

பால் உறையாதிருக்கச் சேர்க்கும் அம்மோனியாவை அளப்பது வேறு வழி. எஸ்.பி.எம். ஆய்வுக்கூடத்தில் நாம் 'பென்தித்ராத்தான்' என்று படித்த அதே தரம் பார்த்தல்தான். மெத்தில் சிவப்பு மஞ்சளிலிருந்து சிவக்கும்வரை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டவிட வேண்டும். 0.1 மோலார் அமிலம் ஒரு மில்லிலிட்டர் செலவானால் அம்மோனியா 1.7 மில்லிகிராம்.

இன்று அத்தோட்டங்களில் பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறிவிட்டன. எஞ்சிய சிறுதோட்டக்காரர்கள் பெரும்பாலும் மங்கிலேயே உறைந்த கட்டிப்பாலைத்தான் விற்கிறார்கள். அதற்கும் இதே கேள்விதான். 55 விழுக்காடு உள்ள கட்டியை 50 என்று மதிப்பிட்டால், 100 கிலோவுக்கு 5 கிலோ ரப்பர் விலையில்லாமல் கைமாறும். ஒரு துண்டை வெட்டி, நிறுத்து, மெல்லியதாக அழுத்தி, நன்றாக உலர்த்தி, மீண்டும் நிறுத்தால் போதும், விற்பவரே கண்டுகொள்ளலாம்.